உரைத் தொகுப்பியும் பொழுதுக் கணக்கும்

தொண்டை நாட்டுத் திருப்பெரும்பூதூர் இராமாநுசர் தோன்றிய ஊர் என்ற சிறப்பாலேயே நெடுங்காலம் அறியப்பட்டது. அதனை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் ஆலை மகிழுந்துகளைச் செய்யத் தொடங்கிற்று. ஒரகடத்தில் 2012-இல் டெய்ம்லர் சரக்குந்து ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் இயங்கலாயின. இத்தகைய ஆலைகளின் பணித்தளத்தில் பொழுது மிக நுண்ணிதாக அளக்கப்படுகின்றது. ஒருவண்டி ஒருநிலையில் எத்துணை நொடி நிற்றல் வேண்டும் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டுவிடும். அஃது அவ்வாறு நின்றதா என்பதைப் பொறியே எண்ணிக் காட்டும். ஆயின், அப்பொறிக்குக் கட்டளை நிரல் எழுதும் பொறியாளர் எப்பணிக்கு எத்துணைப் பொழுது செலவிட்டார் என்பதை எண்ணுவார் இலர். அவரே எண்ணிக்கொள்ளுதற்கு ஒரு வழியுண்டு. அதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். ஒப்பந்த முறையில் பணிபுரியும் பொறியாளர் ஒருவர், காலையில் ஓராலையின் பற்றவைப்புப் பகுதிக்கும், நண்பகலுக்குப்பின் மற்றோராலையின் வண்ணப்பூச்சுப் பகுதிக்கும் நிரல் திருத்துகின்றார். இடையிடையே தொலைபேசி அழைப்பு. பழுதெனக் கேட்டு ஓடுதல். வாரக் கடைசியில் நேரப்பட்டியல் நிரப்பும்போது, நினைவுக்கு எட்டியவற்றை முழு மணிகளாக்கி எழுதுகின்றார். பெரும்பணிகள் நினைவில் நிற்கும். பத்தும் இருபதும் நிமிடமாகச் சிதறிய சிறுபணிகள் மறைந்தொழியும். அவ்வாறு மறைந்த பொழுதுக்கு ஊதியமும் இல்லை. அடுத்த ஒப்பந்தத்திற்கு மதிப்பீடு செய்யுங்கால் அஃது எண்ணப்படுவதும் இல்லை.

நிரலை அவர் கட்டுப்பாட்டுக் கருவிக்கென அமைந்த மென்பொருளிலேயே எழுதினும், பிழைப்பட்டியல், ஆய்வுக்குறிப்பு, செய்யவேண்டுவன ஆகியவற்றை உரைத் தொகுப்பி ஒன்றில் வெற்றுரையாக எழுதிவைத்தல் இயல்பு. டெக்ஸ்ட் எடிட்டர் என வழங்குவதையே உரைத் தொகுப்பி என்கின்றோம். இதன் மிக எளிய உதவியை விண்டோசின் நோட்பேடில் காணலாம். கோப்பின் முதல் வரியில் புள்ளியிட்டு ‘லாக்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மூன்றெழுத்தையும் பேரெழுத்தில் எழுதிச் சேமித்துவிடின், பின்னர் அக்கோப்பைத் திறக்குந்தொறும் அப்போதைய நாளும் நேரமும் இறுதியில் தாமே பதியும். கழித்தலும் கூட்டலும் நம் பொறுப்பே.

இதனினும் நெடிது வளர்ந்தது, ஈமாக்ஸ் என்னும் தொகுப்பியினுள் இயங்கும் ‘ஆர்க் மோடு’ ஆகும். கார்ஸ்டன் டொமினிக் என்னும் வானியலறிஞர் 2003-இல் இதனைத் தொடங்கினார். உடுக்குறியிட்ட ஒவ்வொரு வரியும் இதில் ஒரு தலைப்பு. ஒரு தலைப்பை ஒரு பணியாகக் கொள்ளலாம். தலைப்பின்மேல் நின்று குறித்த விசைகளை அழுத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கும். வேறு விசைகளால் நிற்கும். தொடக்கம், முடிவு, இடைப்பட்ட அளவு ஆகிய மூன்றும் அத்தலைப்பின் கீழேயே ஒருவரியாய் எழுதப்படும். 9:10 முதல் 10:35 வரை எனின் 1:25. 11:05 முதல் 12:50 வரை எனின் 1:45. அட்டவணை கேட்பின் இரண்டையும் கூட்டி 3:10 எனத் தரும். நம் முன்னோர் கணக்கில் இஃது எட்டு நாழிகைக்கு இரண்டே நிமிடம் குறைவு.

ஒருகாலத்தில் ஒரு கடிகாரமே ஓடும் என்பது கருதத்தக்கது. இரண்டாம் பணியைத் தொடங்கின் முதலாவது தானே நின்றுவிடும். ஒரே பொழுதை இருவர் கணக்கில் எழுதும் பிழைக்கு இதனால் இடமில்லை. நிறுத்த மறந்து உணவுக்குச் சென்றுவிட்டால் என் செய்வது? செயலற்றிருக்கும் பொழுதுக்கு ஓர் எல்லை முன்னரே அமைத்திருப்பின், அவ்வெல்லை கடந்தபின் திரும்பி வருவாரை, அவ்விடைவேளையைச் சேர்க்கவோ கழிக்கவோ என அது வினவும். ஆலையினுள் பொறியருகே நின்றவர்க்கு அப்பொழுதும் பணிப்பொழுதே அன்றோ! விடையை மனிதரிடம் விட்டமை நன்று.

2013-இல் தோன்றிய வேக்கடைம் முதலியன இவ்வாறு வினவுவதில்லை. விசைகள் தட்டப்படுவதையும் கோப்புகள் மாறுவதையும் கண்டு தாமே கணக்கிட்டுத் தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு அனுப்புகின்றன. மறதியுடையார்க்கு இது துணையே. எனினும், தட்டாது சிந்தித்திருந்த பொழுது நீளின் இக்கணக்கில் விடுபடும். கணக்கும் எழுதியவர் கையில் மட்டும் நில்லாது. முன்னதையே யாம் விரும்புகின்றோம்.

சொல் பற்றி ஒன்று. கடிகாரத்தை ஓட்டுதலை ‘உள்நுழைதல்’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. அச்சொல் ஏற்கெனவே கணக்கினுட் புகுதலைக் குறிக்கின்றது. நீர்க்கலத்தால் பொழுதளந்து அரசனுக்கு உரைப்பாரை முல்லைப்பாட்டுக் கூறுவதால், பொழுதளத்தல் நமக்குப் புதிய தொழிலன்று. ‘பொழுது தொடங்கல்’, ‘பொழுது நிறுத்தல்’ எனவும், பதிவுகள் சேரும் பகுதியைப் ‘பொழுதேடு’ எனவும் வழங்கலாம்.

இரவுமுறைப் பணியில் ஒரு சிக்கல் உண்டு. 22:40-க்குத் தொடங்கி மறுநாள் 1:10-க்கு முடிந்த பணியை நாள்வாரியாகக் கூட்டின், கருவி நள்ளிரவில் வெட்டி, முதல்நாளுக்கு 1:20-உம் மறுநாளுக்கு 1:10-உம் காட்டும். ஆனால் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நள்ளிரவு கடந்த முறைப்பணியின் பிற்பகுதியையும் முந்திய நாளிலேயே சேர்த்து எண்ணுமாறு விதித்தது. மிகைநேர ஊதியக் கணக்கில் இவ்வேறுபாடு சிறிதன்று. எனவே இரவுமுறையினர் தலைப்பிலேயே முறை தொடங்கிய நாளைக் குறித்துவிடல் வேண்டும். அட்டவணையை நாள்வாரியாகக் கேளாது தலைப்புவாரியாகக் கேட்பின், 2:30-உம் ஓரிடத்தே நிற்கும்.