ஊராட்சி வரியில் பிறந்த மருத்துவக் காப்பு

கனடாவில் மருத்துவரைப் பார்க்கப் போகிறவரிடம் யாரும் பணம் கேட்பதில்லை. இது ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு தந்த கொடை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது சஸ்காச்சுவான் மாகாணத்துக் கோதுமை விவசாயிகள் தங்கள் ஊராட்சிகளில் தொடங்கிய ஏற்பாடு. முதல் உலகப் போர்க் காலத்தில் சார்னியா என்ற கிராமப்புற ஊராட்சி, தன் மருத்துவர் ஊரைவிட்டுப் போய்விடாமலிருக்க, வரிப் பணத்திலிருந்து அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஊராட்சிகள் இதற்காக வரி விதிக்க 1916இல் மாகாணச் சட்டமே இடம் தந்தது. 1930களில் வறட்சியும் விலைச் சரிவும் சேர்ந்து தாக்கியபோது நோயாளியிடம் பணம் இல்லை, மருத்துவருக்கு வருமானம் இல்லை. வரியிலிருந்து சம்பளம் என்ற முறை அப்போது ஊர் ஊராகப் பரவியது.

வரி என்றாலே மக்கள் முகம் சுளிப்பார்கள், அதை நம்பிப் பொது மருத்துவம் நடத்த முடியாது என்பது பழைய வாதம். தாங்கள் கட்டும் பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தால் மக்கள் மறுப்பதில்லை என்பதற்கு அதே மாகாணத்தின் ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரம் சாட்சி. அங்கே மக்கள் வாக்களித்தே தங்கள்மீது வரி விதித்துக்கொண்டார்கள். 1946 ஜூலையில் அவ்வட்டாரத்தில் அனைவருக்கும் மருத்துவச் சேவை தொடங்கியது. 1944இல் மாகாண முதல்வராக ஆட்சிக்கு வந்திருந்த டாமி டக்ளஸ், 1947இல் மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்பீட்டைக் கொண்டுவந்தார். மருத்துவமனைச் செலவில் ஏறத்தாழப் பாதியை ஏற்க மத்திய அரசு 1957இல் சட்டம் இயற்றியது. அதனால் மிச்சமான மாகாண நிதிதான் அடுத்த படிக்கு வழி திறந்தது. மருத்துவர் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று சொல்லி டக்ளஸ் 1960 தேர்தலைச் சந்தித்து வென்றார்.

அரசு பணம் கொடுத்தால் சிகிச்சையிலும் அதுவே தலையிடும் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை அற்பம் என்று ஒதுக்க முடியாது. திட்டம் நடைமுறைக்கு வந்த 1962 ஜூலை 1 அன்றே அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது 23 நாள் நீடித்தது. சஸ்கடூன் ஒப்பந்தம் அதைத் தீர்த்தது: மருத்துவர்கள் அரசு ஊழியர்கள் ஆகவில்லை, அளித்த சிகிச்சைக்குரிய கட்டணம் மட்டும் பொதுநிதியிலிருந்து வந்தது. 1964 மாகாணத் தேர்தலில் டக்ளஸின் கட்சி தோற்றது. அடுத்து வந்த லிபரல் அரசும் திட்டத்தைக் கலைக்கவில்லை. நீதிபதி எம்மெட் ஹால் தலைமையிலான ஆணையம் நாடு முழுவதற்கும் இதைப் பரிந்துரைக்க, 1966இல் மத்தியச் சட்டம் வந்தது. 1972க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன.

வரிச்சுமை கூடுமே என்று கேட்பார்கள். கூடும்தான். ஆனால் வரியாகக் கட்டாவிட்டால் நோயின் செலவு இல்லாமல் போய்விடாது. சம்பாதிக்க முடியாமல் படுத்திருக்கிறவர் தலையில் அது விழும். சிறப்பு மருத்துவருக்கும் அறுவை சிகிச்சைக்கும் கனடியர்கள் நெடுநாள் காத்திருப்பது உண்மையான குறை; அதற்குத் தீர்வு கூடுதல் மருத்துவர்களும் படுக்கைகளும்தான். பணமுள்ளவரை வரிசையில் முன்னே விடுவதால் ஒரு மருத்துவர்கூடக் கூடப்போவதில்லை. என் பார்வையில் இதைவிடப் பெரிய குறை, மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்தை அந்த 1966 சட்டம் விட்டுவிட்டதுதான். மருந்துக்கான தேசியச் சட்டம் 2024இல்தான் நிறைவேறியது. அதுவும் முதலில் நீரிழிவு மருந்துகளுக்கும் கருத்தடைக்கும் மட்டும், அதற்கும் ஒவ்வொரு மாகாணமும் உடன்பட்டாக வேண்டும்.