புடவைப் படங்களும் எக்செல் பட்டியலும்

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ரொம்பச் சின்ன விஷயம். ஒரு ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல் பெயர்களை எல்லாம் எக்செல்ல பட்டியலா கொண்டு வர்றது எப்படி?

ஆரணிக்குப் பக்கத்துல சேவூர். பட்டுத்தறி ஊர். எங்க சித்தப்பா அங்க புடவை நெய்ய வெச்சு விற்கிறார். தறியில இருந்து இறங்கின ஒவ்வொரு புடவையையும் படம் எடுத்து, தறி எண், வரிசை எண் போட்டு சேமிப்பார். மூணாவது தறியில பன்னிரண்டாவது புடவைன்னா 3-12. வாட்ஸ்அப்ல கேட்கிறவங்களுக்கு அந்தப் படம்தான் போகும்.

போன மாசம், ஏற்கெனவே வித்துப்போன புடவைக்கு இன்னொருத்தர் கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டார். கல்யாணப் புடவை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சு, ஆனா பேச்சு கெட்டது கெட்டதுதான். "டேய், நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, இதுக்கு ஒரு வழி சொல்லு"ன்னார். போய்ப் பார்த்தா, எண்களை ஒவ்வொண்ணா கையால டைப் பண்ணிட்டு இருக்கார்.

ஒரே ஒரு தடவை பட்டியல் போதும்னா சுலபம். விண்டோஸ்ல ஃபோல்டரைத் திறந்து, கன்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாத்தையும் தேர்வு பண்ணுங்க. ஷிஃப்ட்டைப் பிடிச்சுக்கிட்டு ரைட் கிளிக் பண்ணா 'காப்பி ஆஸ் பாத்' வரும். அதை அழுத்திட்டு எக்செல்ல பேஸ்ட் பண்ணுங்க. ஃபோல்டர் முகவரியோட சேர்த்து எல்லாப் பெயரும் வந்துடும். ஆனா நாளைக்குப் புதுப் படம் சேர்ந்தா அது இந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

தினமும் மாறுற ஃபோல்டருக்கு வேற வழி. எக்செல் 2019-லயோ அதுக்கு அப்புறம் வந்ததுலயோ 'டேட்டா' பக்கத்துல 'கெட் டேட்டா', 'ஃப்ரம் ஃபைல்', 'ஃப்ரம் ஃபோல்டர்'. ஃபோல்டரைக் காட்டிட்டு 'லோட்' கொடுங்க. 'கம்பைன்' வேண்டாம், அது ஃபைலுக்கு உள்ளே இருக்கிறதை ஒண்ணா சேர்க்கிறதுக்கு. ஃபைல் பெயர், தேதி, எந்த ஃபோல்டர்ல இருக்குங்கிற விவரம் எல்லாம் தனித்தனிப் பத்தியா வரும். புதுப் படம் போட்டதும் 'ரெஃப்ரெஷ்' அழுத்தினா போதும்.

இங்க ரெண்டு இடத்துல கவனமா இருக்கணும்.

முதல்ல தேதி. பெயர்ல இருந்து 'ஜேபிஜி'யை நீக்கிட்டு 3-12ன்னு ஒரு கட்டத்துல போட்டா, எக்செல் அதை ஒரு தேதியா மாத்திடும். நமக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்ல. மார்ச்1, செப்ட்1ங்கிற மாதிரி மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிட்டே இருந்ததால, மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கிற சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மாத்திடுச்சு. 2020-ல அதைப் பத்தின செய்தி பரவலா வந்தது. நாமளும் அதையே செஞ்சோம். முன்னால ஒரு எழுத்து சேர்த்து 'த3-12'ன்னு வெச்சோம். பிரச்சினை தீர்ந்தது.

ரெண்டாவதுதான் பெரிய ஆபத்து. அந்தப் பட்டியலுக்குப் பக்கத்துப் பத்தியில கையால 'விற்றது'ன்னு எழுதாதீங்க. ரெஃப்ரெஷ் பண்ணும்போது வரிசை மாறலாம். நீங்க எழுதினது அதே இடத்துல நின்னு, வேற புடவைக்குப் பக்கத்துல போய் உட்கார்ந்துடும். பழைய தப்பு புது வேஷத்துல திரும்பி வரும்.

அதுக்குப் பதிலா, அதே ஃபோல்டருக்குள்ள 'விற்றது'ன்னு ஒரு உள் ஃபோல்டர். புடவை வித்ததும் படத்தை அங்க நகர்த்தணும், அவ்வளவுதான். 'ஃப்ரம் ஃபோல்டர்' உள் ஃபோல்டரையும் படிக்கும். ரெஃப்ரெஷ் பண்ணா, 'ஃபோல்டர் பாத்' பத்தியில எது வித்தது, எது இருக்குன்னு தானா தெரியும்.

சித்தப்பா இப்போ பட்டியல்ல ஒரு எழுத்துகூட டைப் பண்றதில்ல. அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ரெஃப்ரெஷ், அவ்வளவே. உங்க கடையிலயோ ஆபீஸ்லயோ இப்படி ஒரு ஃபோல்டர் இருந்தா, இன்னைக்கே ஒரு தடவை செஞ்சு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.