புராஸ்டேட் தொற்றும் பொறுமையான சிகிச்சையும்

சங்கோஜத்தில் வளரும் வியாதி

தாராவியில் தோல் வேலை செய்யும் தொழிலாளியானாலும், மாட்டுங்காவில் பென்ஷன் வாங்கும் உத்தியோகஸ்தரானாலும், அடிவயிற்று வலியும் நீர்க்கடுப்பும் மாதக்கணக்கில் வாட்டும்போது, வைத்தியரிடம் வாய்திறக்கக் கூசி, தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை வாங்கி விழுங்குவது நம்மவரிடையே சர்வசாதாரணம். கடுப்பு அடங்கும், சில வாரங்களில் திரும்பும். ஒவ்வொரு முறையும் அதே கிருமி சிறுநீரில் தென்படுமாயின், அது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியில் குடியேறிவிட்டதென்று சந்தேகிக்க வேண்டும்.

கிருமி உண்டா?

சிறுநீரை முதலில் ஒரு குப்பியிலும், வைத்தியர் ஆசனவாய் வழியே விரலால் சுரப்பியை அழுத்தியபின் மற்றொரு குப்பியிலும் பிடித்து, இரண்டையும் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) செய்து ஒப்பிடுவார்கள். இரண்டாவதில் கிருமி மிகுந்திருந்தால் இருப்பிடம் சுரப்பியே. 1968-இல் மியர்ஸ், ஸ்டேமி என்னும் அமெரிக்க வைத்தியர்கள் வகுத்த நான்கு குப்பிப் பரிசோதனையின் எளிய வடிவம் இது. இத்தகைய நாட்பட்ட வலியுள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூடக் கிருமி அகப்படுவதில்லை. ஏனையோருக்கு ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் நீட்டிப்பதால் பிரயோஜனமில்லை.

ஏன் இத்தனை வாரங்கள்?

நாட்பட்ட தொற்றில், பெரும்பாலான மருந்துகள் சுரப்பிக்குள் போதிய அளவு ஊடுருவுவதில்லை. சிப்ரோபிளாக்சசின், லெவோபிளாக்சசின் வகை நன்கு ஊடுருவுவதால், அதை 4 முதல் 6 வாரம் இடைவிடாது உட்கொள்ளச் சொல்கிறார்கள். நம் நாட்டு ஈ.கோலை கிருமிகள் பல இவ்வகைக்கு அடங்காதவையாகிவிட்டமையால், கல்ச்சர் முடிவைப் பார்த்தே கோட்ரிமாக்சசோல், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற மாற்று மருந்துகளை நிர்ணயிப்பர். சிப்ரோபிளாக்சசின் வகை மாத்திரையோடு பாலோ, இரும்புச்சத்து மாத்திரையோ, அமிலமடக்கும் மருந்தோ சேர்த்தால் அதன் பலன் குன்றும். குதிகால் தசைநாணில் வலி கண்டால் மாத்திரையை நிறுத்தி, உடனே வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

மும்பைவாசிகளுக்கு விசேஷ எச்சரிக்கை

மருந்துக்கு மசியாத காசநோயை எதிர்க்கும் ஆயுதங்களுள் லெவோபிளாக்சசினும் ஒன்று. எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோயை 2012 வாக்கில் ஹிந்துஜா ஆஸ்பத்திரி வைத்தியர்கள் உலகுக்கு அறிவித்த நகரம் இது. காசம் புராஸ்டேட்டையும் பற்றக்கூடும். அரைகுறையாக விழுங்கிய மாத்திரை அதை மறைத்து, நோயறிதலைத் தாமதப்படுத்தும். சிறுநீரில் சீழணு இருந்தும் சாதாரணக் கல்ச்சரில் கிருமி வளராவிட்டால், காசநோய்ப் பரிசோதனை அவசியம். 2014 முதல் லெவோபிளாக்சசின் மருந்து விதிகளின் ஹெச்1 பட்டியலில் இருப்பதால், வைத்தியர் சீட்டில்லாமல் அதை விற்பது குற்றம்.

எங்கே போவது?

தாராவிக்கு அருகிலேயே மாநகராட்சியின் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. குளிர்காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மறுநாள் பார்க்கலாமென்று தள்ளிப்போடாமல் அன்றே செல்ல வேண்டும்.