மெல்லிய மடிக்கணினி: பெறுவது என்ன? இழப்பது என்ன?

தமிழக அரசு, மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கியது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. அது சற்றுத் தடித்த, கனத்த பொறி. அதே ஆண்டில்தான் இன்டெல் நிறுவனம், சுமார் 20 மி.மீ. தடிப்பும் 1000 டாலருக்கு உட்பட்ட விலையும் கொண்ட ‘அல்ட்ராபுக்’ என்னும் மெல்லிய வகையை அறிவித்தது. இன்று நடுத்தர விலையில் அத்தகைய கணினிகள் நாகர்கோவில் கடைகளிலேயே கிடைக்கின்றன. மெலிவதற்காக அவை எவற்றை விட்டுக்கொடுக்கின்றன என்பதைக் காண்போம்.

இடமும் எடையும்

2008-இல் ஆப்பிள் நிறுவனம் ‘மேக்புக் ஏர்’ கணினியைக் காகித உறை ஒன்றிலிருந்து எடுத்துக் காட்டி உலகை வியக்க வைத்தது. அதன் எடை 1.36 கிலோகிராம் மட்டுமே. ஆனால் அதில் குறுந்தகடு செலுத்தும் பகுதி இல்லை. இணையக் கம்பி செருகும் துளையும் இல்லை. இத்துளைக்கே ஒரு செ.மீ.க்கு மேல் உயரம் வேண்டும் அல்லவா?

இன்றைய மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளன. இதனால் இடம் மிச்சமாகிறது. பின்னாளில் நினைவகத்தைக் கூட்டும் வாய்ப்பு போய்விடுகிறது.

மின்கலம்

மின்கலத்தின் கொள்ளளவு வாட்-மணியில் குறிக்கப்படும். 50 வாட்-மணி மின்கலம், 10 வாட் செலவாகும் எழுத்து வேலைக்கு 5 மணி நேரம் வரும். 25 வாட் செலவாகும் விளையாட்டுக்கு 2 மணி நேரமே வரும். விளம்பரத்தில் காணும் மணிக்கணக்கு, பெரும்பாலும் இலேசான வேலைக்கு உரியது.

வெப்பம் எங்கே போகும்?

கணினி செலவிடும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. நியூட்டனின் குளிர்வு விதியை நினைவுகூருங்கள்: ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது.

சில்லின் வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸ் எனக் கொள்வோம். 20 டிகிரி அறையில் வேறுபாடு 70 டிகிரி. நாகர்கோவிலில் மின்விசிறி மட்டுமே உள்ள 33 டிகிரி அறையில் அது 57 டிகிரி. ஆகவே, அங்கே 15 வாட் வெப்பத்தை வெளியேற்றும் அதே அமைப்பு, இங்கே சுமார் 12 வாட்டையே வெளியேற்றும். மெல்லிய உடலில் பெரிய விசிறிக்கும் தடித்த உலோகத் தகடுகளுக்கும் இடமில்லை. எனவே, சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்ந்த நாட்டில் சோதித்துப் புகழப்பட்ட கணினி, சித்திரை மாதத்தில் நம் வீட்டில் சற்று மந்தமாவதன் காரணம் இதுவே. தொடர்ந்த வெப்பம் மின்கலத்தின் ஆயுளையும் குறைக்கும்.

குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்றில் வரும் உப்பு, ஈரத்தை ஈர்த்து உலோக இணைப்புகளை அரிக்கும். கணினியைச் சன்னலோரம் திறந்து வைக்காதீர்கள்.

எதைத் தேர்வது?

நாள்தோறும் பேருந்தில் சுமந்து சென்று பாடம் எழுதவும் நிரல் பழகவும் மெல்லிய கணினி மிக ஏற்றது. காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைபடம் போன்ற நீண்ட, கடுமையான வேலைகளுக்கு, அதே விலையில் சற்றுத் தடித்த கணினியே மேல்.

கடையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மின்கலம் எத்தனை வாட்-மணி? நினைவகத்தைப் பிறகு கூட்டலாமா? மின்கலத்தை மாற்ற முடியுமா? பிறகு இருபது நிமிடம் அதை இயக்கி, அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். ஆனால் குளிரூட்டிய கடையில் இதமாகத் தோன்றும் சூடு, வீட்டில் அதைவிட மிகுதியாகும் என்பதை மறவாதீர்கள்!