காலடிப் பச்சை – 17: கவண் வீசும் படர்செடி

ஊட்டி, குன்னூர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டு வாசலிலும் பங்களா ஜன்னலோரத்திலும் தொட்டி தொட்டியாக ஒரு செடி சிவப்பும் ரோஸுமாகப் பூத்துக் கிடக்கும். யாரைக் கேட்டாலும் 'ஜெரேனியம்' என்பார்கள். அது ஜெரேனியம் இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பெலர்கோனியம். உண்மையான ஜெரேனியம் அதே மலையில், பாதையோரப் புல்லுக்குள் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கிறது. அதை மிதித்துக்கொண்டுதான் தொட்டிச் செடியைப் படம் எடுக்கிறோம்.

இந்தக் குழப்பத்தின் வேர் லின்னேயஸ் வரை போகிறது. 1753-ல் அவர் இரண்டு வகையையும் ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டார். 1789-ல் லெரித்தியே என்ற பிரெஞ்சுக்காரர் பெலர்கோனியத்தைத் தனியே பிரித்தார். தாவரவியல் அதை ஏற்றுக்கொண்டது. நர்சரிக்காரர்கள் இன்றுவரை ஏற்கவில்லை. மலைக்கடைகளில் 'ஜெரேனியம் ஆயில்' என்று விற்கும் வாசனை எண்ணெயும் பெலர்கோனியம் இலையிலிருந்து வடிப்பதுதான். நம் காட்டுச் செடியைக் கசக்கி முகர்ந்தால் ரோஜா வாசனை எதுவும் வராது.

நம் செடியின் முழுப் பெயர் ஜெரேனியம் நேபாளென்ஸ். இமயமலை, காசி மலைகள், நீலகிரி, பழனிமலை, இலங்கையின் மேட்டு நிலம் என்று குளிர்ந்த உயரங்களில் மட்டும் வளர்கிறது. சமவெளியில் தேட வேண்டாம். பெயர் வைத்தவர் ராபர்ட் ஸ்வீட் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர். ஜெரேனியக் குடும்பத்துக்காகவே 1820 முதல் 1830 வரை வண்ணப் படங்களுடன் ஐந்து தொகுதிகள் வெளியிட்டவர். நடுவில், 1824-ல், கியூ தோட்டத்திலிருந்து திருடப்பட்ட செடிகளை வாங்கினார் என்று அவர் மேல் வழக்கு வந்தது. லண்டன் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. செடிக் காதலர்களுக்கு அந்தக் காலத்தில் என்னவெல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

செடியை அடையாளம் காண்பது கடினமில்லை. மெல்லிய, ரோமம் படர்ந்த தண்டு நாலா பக்கமும் ஓடும். கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இலைகள். ஒவ்வொன்றும் விரித்த உள்ளங்கைபோல மூன்றாகவோ ஐந்தாகவோ பிளந்திருக்கும். ஒரு காம்பில் பெரும்பாலும் இரண்டு பூ. சட்டைப் பொத்தான் அளவுதான், வெளிர் ரோஸ் நிறம், இதழில் கருஞ்சிவப்புக் கோடுகள். ஐந்து இதழும் ஒரே அளவு என்பதைக் கவனியுங்கள். பெலர்கோனியத்தில் மேல் இரண்டு இதழ் ஒரு மாதிரியும் கீழ் மூன்று வேறு மாதிரியும் இருக்கும். நம் செடியில் மகரந்தம் தரும் கேசரங்கள் பத்து. பெலர்கோனியத்தில் ஏழுக்கு மேல் இருக்காது.

இதழில் நிறுத்தி இன்னொன்றும் சொல்லிவிடலாம். 1787-ல் ஸ்பாண்டாவ் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் கிறிஸ்தியான் ஷ்ப்ரெங்கல், இந்தப் பேரினத்தின் ஐரோப்பிய இனம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதழின் அடியில் மிக மெல்லிய ரோமங்கள். இவை எதற்கு? மழைத்துளி தேனில் கலக்காமல் தடுக்கத்தான் என்று முடிவுக்கு வந்தார். அப்படியானால் தேன் யாருக்கு? பூச்சிக்கு. பூச்சியால் பூவுக்கு என்ன லாபம்? இப்படிக் கேள்வி மேல் கேள்வியாகப் போய் 1793-ல் பூவுக்கும் பூச்சிக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அன்று அதை மதித்தவர்கள் குறைவு. வேலையும் போயிற்று. அரை நூற்றாண்டு கழித்து டார்வின் படித்துப் புகழ்ந்த பிறகுதான் அந்தப் புத்தகத்துக்கு உயிர் வந்தது.

பூவை விடக் காய்தான் எனக்குப் பிடித்தது. இதழ் உதிர்ந்ததும் நடுவிலிருந்து கொக்கின் அலகு மாதிரி ஒரு முனை நீண்டு நிமிர்ந்து நிற்கும். அதன் அடியில் சுற்றிலும் ஐந்து அறை, அறைக்கு ஒரு விதை. ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரு பட்டை அலகின் நுனிவரை ஒட்டிக்கொண்டு ஏறுகிறது. காய் உலரும்போது பட்டையின் வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளையத் துடிக்கிறது, ஆனால் அடியில் பிடி விடவில்லை. இழுவிசை ஏறிக்கொண்டே போகிறது. ஒரு வெயில் வேளையில் அடி விடுபட, பட்டை சட்டென்று மேல்நோக்கிச் சுருள, அறைக்குள்ளிருந்த விதை கவண்கல்லாகப் பறக்கிறது. தாய்ச்செடியின் நிழலைத் தாண்டிப் போய் விழும். காலி அறைகள் சுருண்ட பட்டையோடு அலகின் நுனியில் தொங்கும். காற்றையும் பறவையையும் நம்பாத ஏற்பாடு. முற்றிக் கறுத்த அலகு ஒன்றை விரல் நுனியால் தட்டிப் பாருங்கள். சில சமயம் கையிலேயே வெடிக்கும்.

பயன் என்று வந்தால் ஜப்பானுக்குத்தான் போகவேண்டும். அங்கே வளர்வது இதன் நெருங்கிய உறவான ஜெரேனியம் துன்பெர்கி. முன்பு நேபாளென்ஸின் ஒரு வகையாகவே அதைக் கருதியவர்களும் உண்டு. ஜப்பானியர்களின் பிரதான நாட்டு மருந்துகள் மூன்றில் அது ஒன்று. பெயர் 'கென்னோஷோகோ'. குடித்த கையோடு பலன் தெரியும் என்று வைத்த பெயர். நாட்டின் கிழக்கே வெள்ளையாகவும் மேற்கே சிவப்பாகவும் பூக்கிறது. கோடையில் அறுத்துக் காயவைத்து எடுத்துவைப்பார்கள். வயிற்றுப்போக்கு என்றால் நன்றாகக் கொதிக்கவிட்ட கெட்டிக் கஷாயம். மலச்சிக்கல் என்றால் இலேசாகக் கொதித்த நீர். ஒரே செடி இரண்டுக்குமா என்று நமக்குத் தோன்றும். முதல் உபயோகத்துக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. செடி முழுக்கத் துவர்ப்பு. மாதுளை ஓடும் மாசிக்காயும் நம் வீடுகளில் செய்த வேலையைத்தான் இது செய்கிறது. 1970களில் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் தகுவோ ஒகுதாவின் குழு இந்தத் துவர்ப்புப் பொருளை மஞ்சள் படிகமாகவே பிரித்தெடுத்தது. ஜெரேனின் என்று பெயர். பிற்பாடு அதே பொருள் நம் கீழாநெல்லியிலும் ரம்புட்டான் தோலிலும் இருப்பது தெரியவந்தது. ஜப்பான் அரசின் மருந்து நூலிலும் இந்தச் செடி இடம்பெற்றிருக்கிறது.

நேபாளென்ஸையும் இமயமலை மக்கள் சும்மா விடவில்லை. வேர் சிவப்பு, மருந்து எண்ணெய்க்கு நிறம் ஏற்ற அதிலிருந்து சாயம் எடுத்தார்கள். துவர்ப்பு மருந்தாகவும் பயன்பட்டது. நீலகிரிக்கு இந்தக் கதை எதுவும் வந்து சேரவில்லை. மலைத்தோட்டப் பராமரிப்பில் அது வெறும் களை. வெள்ளைக்காரன் தொட்டியில் வைத்ததற்கு மட்டும் தண்ணீர் ஊற்றும் நம் பழக்கத்தை என்ன சொல்ல?

இதைப் படித்துவிட்டுப் பறித்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள். ஜப்பானிலேயே பூக்காத பருவத்தில் இதன் இளம் இலையை, கொடிய விஷமுள்ள வத்சநாபி வகைச் செடியின் இலையோடு குழப்பிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பூவைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே பறிக்கச் சொல்வார்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் டாக்டரும் போதும். செடியைப் பார்க்க மட்டும் கொஞ்சம் குனியுங்கள்.

அடுத்த வாரம்: விதை எறிவதில் இதற்குச் சளைக்காத, சமவெளித் தொட்டிகளிலேயே முளைத்து நிற்கும் புளியாரை.

(தொடரும்)