கொட்டகைக்கு வந்த கோல்மன்

மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்துதான் 'நாடோடி மன்னன்' பார்த்தேன். 1970களின் நடுவில், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ். ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்குக்காரர் உள்ளே வருவார். முன்னால் இருப்பவன் மேட்டை உயர்த்தினால் பின்னால் இருப்பவன் காலால் தட்டிவிடுவான். அப்புறம் கத்திச்சண்டை திரையிலா தரையிலா என்று தெரியாது. 1958இல் வந்த படத்துக்கு அப்போதும் அந்தக் கூட்டம்.

ஆங்கிலப் படம் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்கு பஸ் ஏற வேண்டும். போய்வந்தவன் 'பென்ஹர்' ரதப் பந்தயத்தை ஒரு வாரத்துக்குச் சொல்வான். வசனம் புரிந்ததா என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. ஹாலிவுட் நடிகர் ரொனால்ட் கோல்மன் என்ற பெயரே எங்கள் காதில் விழுந்ததில்லை. ஆனால் அந்த மனிதர் எங்களுக்கு முன்பே கொட்டகைக்கு வந்துவிட்டிருக்கிறார்.

எம்.ஜி.ஆர். கல்கத்தாவுக்குப் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் பார்த்து மயங்கிய 'இஃப் ஐ வேர் கிங்' கோல்மன் படம். 'நாடோடி மன்னன்' ஆள்மாறாட்டக் கதைக்கு வேராக இருந்த 'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா'வும் (1937) கோல்மன் படம். சரி, எதிர் முகாம்? விழுப்புரத்தில் 1928இல் பிறந்த சிவாஜி நடித்து, ஸ்ரீதர் எழுதிய 'அமரதீபம்' (1956), 'ராண்டம் ஹார்வெஸ்ட்' (1942) படத்தைத் தழுவியது. அதிலும் கோல்மன்தான்! யார் பெரிய நடிகர் என்று சட்டையைக் கிழித்துக்கொண்ட எங்கள் ஊர் ரசிகர்களுக்கு இது தெரிந்திருந்தால் இரண்டு சட்டையாவது மிஞ்சியிருக்கும்.

போன மாதம் விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, பேரனின் போனில் 'ராண்டம் ஹார்வெஸ்ட்' பார்த்தேன். "தாத்தா, ஒன்றரை ஸ்பீடில் ஓடவிடவா? சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றான். வேண்டாம்டா என்றேன். அன்று ரீலுக்கு ஒருமுறை நின்றது. இன்று போன் வந்தால் நிற்கிறது. எழுத்து மட்டும் கீழே ஓடுகிறது, பெரிய உபகாரம்.

போரில் நினைவிழந்தவன் ஒருத்தியை மணக்கிறான். பிறகு வண்டியில் அடிபட்டுப் பழைய நினைவு திரும்ப, இவளை மறந்துபோகிறான். அவன் பையில் ஒரு சாவி மட்டும் மிஞ்சுகிறது. எந்தக் கதவுக்கு என்று தெரியாமல் வருடக்கணக்காக அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான். கடைசியில் ஒரு சின்ன வீட்டின் முன் நின்று அதே சாவியைப் பூட்டில் நுழைக்கிறான். கதவு திறக்கிறது. ரயில் அறிவிப்பு என் காதில் விழவில்லை, பேரன்தான் இழுத்துக்கொண்டு போனான்.

மூலம், தழுவல் இரண்டும் இப்போது கைக்குள் இருப்பதால் தராசில் வைக்க முடிகிறது. ஜெண்டாவில் கோல்மன் ராஜாவுக்குச் சிம்மாசனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குதிரையேறிப் போய்விடுகிறார். நம் 'நாடோடி மன்னன்' வீராங்கன் அதில் உட்கார்ந்து சட்டத்தை மாற்றுகிறான். அங்கே எம்.ஜி.ஆருக்கே ஜெயம். 'அமரதீப'த்தில் சாவித்திரி, பத்மினி என்று இரண்டு நாயகிகள். ஆங்கிலத்தில் மறக்கப்பட்டவளே செயலாளராக வந்து எதிரில் உட்காருகிறாள், அவனுக்குத் தெரியவில்லை. அந்த வலி தமிழில் வரவில்லை. விழுப்புரத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, அந்த ஒரு படத்தில் மட்டும் என் ஓட்டு கோல்மனுக்கு.