விடிய விடிய நடந்த கச்சேரி!
5 நிமிஷப் பாட்டு 23 நிமிஷம் ஆன கதை

1971-ம் ஆண்டு மார்ச் மாதம் 13-ந்தேதி. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் "பில்மோர் ஈஸ்ட்" என்ற அரங்கு. அன்று இரவுக் காட்சி தொடங்க வேண்டிய நேரத்தில், "குண்டு வைத்திருக்கிறார்கள்" என்று புரளி கிளம்பியது. கச்சேரி தாமதம் ஆயிற்று. அப்படித் தாமதமாகத் தொடங்கிய கச்சேரி முடிந்தபோது காலை மணி 6!

அன்றும் அதற்கு முந்திய நாளும் வாசித்த வாசிப்பு இசைத்தட்டில் பதிவாயிற்று. உலகப் புகழ் பெற்ற அந்த இசைத்தட்டின் கதை இது.

அண்ணன் - தம்பி

வாசித்தவர்கள் "ஆல்மன் சகோதரர்கள்" இசைக்குழுவினர். மொத்தம் 6 பேர். அண்ணன் டுவேன் ஆல்மன், கிதார் வாசிப்பார். தம்பி கிரெக் ஆல்மன், பாடுவார், ஆர்கன் வாசிப்பார். டிக்கி பெட்ஸ் இன்னொரு கிதார். பெர்ரி ஓக்லி அடித்தந்தி கிதார். புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ ஆகிய இருவரும் டிரம் வாசிப்பார்கள்.

இதில் ஜெய்மோ கறுப்பு இனத்தவர். மற்றவர்கள் வெள்ளையர்கள். அவர்கள் குடியிருந்ததோ தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்ற ஊரில். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே ஓட்டலில் சாப்பிட முடியாமல் இருந்த பகுதி அது. அந்தக் கொடுமையை ஒழிக்கும் சட்டம் 1964-ல்தான் வந்தது. 5 ஆண்டுகள் கழித்து, 1969-ல், இந்த 6 பேரும் ஒரே குழுவாகச் சேர்ந்துவிட்டார்கள்.

மாத்திரைக் குப்பி

டுவேனின் கிதார் வாசிப்பில் ஒரு புதுமை உண்டு. ஜலதோஷ மாத்திரை அடைத்து வந்த சிறிய கண்ணாடிக் குப்பியை விரலில் மாட்டிக்கொள்வார். அதைத் தந்தியின் மேல் வழுக்கி வழுக்கி வாசிப்பார். கிதார் அழுவது போலவும் கெஞ்சுவது போலவும் கேட்கும்.

அந்தக் குப்பி எப்படிக் கிடைத்தது? ஒரு பிறந்த நாளன்று டுவேனுக்கு உடம்பு சரியில்லை. தம்பி கிரெக் ஓர் இசைத்தட்டும், ஒரு குப்பி மாத்திரையும் வாங்கிவந்து கொடுத்தார். மாத்திரையைக் கொட்டிவிட்டு, குப்பியைக் கருவி ஆக்கிவிட்டார் அண்ணன்!

விற்காத தட்டுகள்

1969-லும் 1970-லும் இந்தக் குழு 2 இசைத்தட்டுகள் வெளியிட்டது. இரண்டும் சரியாக விற்கவில்லை. ஆனால் ஊர் ஊராகப் போய் வாசித்தால், கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள்.

ஏன் இந்த வேற்றுமை? ஒலிப்பதிவுக் கூடத்தில் நேரம் குறைவு. பாட்டைச் சுருக்கி வாசிக்க வேண்டும். மேடையில் அப்படி அல்ல. பாட்டைப் பாடி முடித்ததும் மனோதர்மம் தொடங்கும். ஒருவர் ஓர் அடி வாசிப்பார். அடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போவார். எங்கே போய் முடியும் என்பது வாசிப்பவர்களுக்கே தெரியாது!

"நம்முடைய இசைத்தட்டு மேடையில்தான் பிறக்க வேண்டும்" என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

விஞ்ஞானம் படித்தவர்

ஒலிப்பதிவுப் பொறுப்பை ஏற்றவர் டாம் டவுட். அவர் இளமையில் அமெரிக்காவின் அணுகுண்டு ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு இசைப்பதிவில் இறங்கிப் பெயர் பெற்றார்.

முதல் நாள் மேடையில் சாக்சபோன் ஊதும் நண்பர்களையும் டுவேன் சேர்த்துக்கொண்டார். டவுட் திடுக்கிட்டார். "இவர்கள் வேண்டாம்" என்று கண்டிப்பாகக் கூறினார். நண்பர்கள் ஆயிற்றே என்று டுவேன் முரண்டு பிடிக்கவில்லை. கேட்டுக்கொண்டார்.

கச்சேரி முடிந்ததும் குழுவினர் தூங்கப் போகவில்லை. டவுட்டுடன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போவார்கள். வாசித்ததைப் போட்டுக் கேட்பார்கள். நன்றாக அமைந்த பாட்டு எது, மறுபடி வாசிக்க வேண்டியது எது என்று முடிவு செய்வார்கள். மறுநாள் மேடையில் அதன்படி நடப்பார்கள்.

பிறகு நாடாவில் சில இடங்களை வெட்டி ஒட்டினார்கள். ஆனால் கூடத்தில் புதிதாக வாசித்து எதையும் சேர்க்கவில்லை. மேடையில் வாசித்ததுதான் தட்டில் இருக்கிறது.

தீக்குச்சிக் கரி

1971 ஜூலையில் இசைத்தட்டு வெளிவந்தது. 2 தட்டுகள், 4 பக்கங்கள். ஆனால் பாட்டுகள் 7 மட்டுமே!

கடைசிப் பக்கம் முழுவதும் "சாட்டையடிக் கம்பம்" என்ற ஒரே பாட்டு. ஒருநாள் இரவு கிரெக் மனதில் இந்தப் பாட்டு உதித்தது. எழுதக் காகிதம் இல்லை. தீக்குச்சிகளைக் கொளுத்தி அணைத்து, அந்தக் கரியால், இஸ்திரி போடும் பலகையின் துணியில் எழுதி வைத்தார். முதல் இசைத்தட்டில் இந்தப் பாட்டு சுமார் 5 நிமிஷம். இந்தத் தட்டில் 23 நிமிஷம்!

மூன்றாவது பக்கத்தில் டிக்கி பெட்ஸ் அமைத்த ஓர் இசை இருக்கிறது. அதற்குச் சொற்களே கிடையாது. "எலிசபெத் ரீட் நினைவாக" என்று பெயர். மேக்கன் ஊரில் ரோஸ் ஹில் என்ற கல்லறைத் தோட்டம் உண்டு. அங்கே ஒரு பழைய கல்லறையில் கண்ட பெயரைத்தான் பெட்ஸ் சூட்டினார்.

பேரிடி

இந்தத் தட்டு வேகமாக விற்பனை ஆயிற்று. அக்டோபர் 25-ந்தேதி "தங்கத் தட்டு" என்ற சிறப்புக் கிடைத்தது.

நான்கே நாள். அக்டோபர் 29-ந்தேதி மேக்கன் ஊரில் டுவேன் மோட்டார் சைக்கிளில் போனபோது, லாரி ஒன்றால் விபத்து நேர்ந்தது. அன்றே அவர் இறந்தார். வயது 24. வெற்றியை 4 நாள்தான் அவர் பார்த்தார்.

1972 நவம்பரில், அதே ஊரில், அந்த இடத்துக்கு அருகிலேயே, பெர்ரி ஓக்லியும் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அவருக்கும் வயது 24.

இருவரும் ரோஸ் ஹில் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

பின்னட்டைப் படம்

குழு சில முறை கலைந்து, மீண்டும் சேர்ந்தது. 2014 அக்டோபர் 28-ந்தேதி நியூயார்க்கில் கடைசிக் கச்சேரி செய்தது. அது முடிந்தபோது நள்ளிரவு தாண்டி 29-ந்தேதி பிறந்துவிட்டது. டுவேன் மறைந்த அதே நாள்! கிரெக் 2017-லும் பெட்ஸ் 2024-லும் காலமானார்கள்.

பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இந்த இசைத்தட்டை 2004-ம் ஆண்டுக்காக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சேர்த்தது.

தட்டின் முன்னட்டையில் 6 பேரும் பெட்டிகளின் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். பின்னட்டையில் அவர்கள் இல்லை. அந்தப் பெட்டிகளை ஊர் ஊராகச் சுமந்த தொழிலாளர்களின் படம் இருக்கிறது. புகழ் வந்தபோது, பாரம் தூக்கியவர்களுக்கும் அதில் அவர்கள் பங்கு கொடுத்தார்கள்.